இழை: குருத்தணுவின் ‘விதி’ – வேறு சொல் உண்டா?

பாலக்கோட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் பழைய பள்ளிக்கூடம் என்னை விடுவதாயில்லை. அறிவியல் மன்றக் கையெழுத்து இதழுக்கு எலும்பு மஜ்ஜை பற்றி நாலு பக்கம் கேட்டார்கள். மூன்றாவது பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது.

மஜ்ஜையில் கிடக்கும் குருத்தணுவிலிருந்துதான் (ஸ்டெம் செல்) சிவப்பணு வருகிறது, தட்டணு (பிளேட்லெட்) வருகிறது, வெள்ளையணுவில் அத்தனை வகையும் வருகின்றன. சிவப்பணு மட்டுமே நொடிக்குச் சுமார் 20 லட்சம். (முதிரும்போது அது தன் உட்கருவையே வெளியே துப்பிவிடுகிறது, அது தனிக்கதை.) எல்லா அணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ., ஏறக்குறைய 20,000 மரபணு. எது பேசுகிறது, எது வாய்மூடிக் கிடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இதுவரை தடங்கலில்லை.

அடுத்தது, அந்த அணு ‘இனி நான் பி செல்தான்’ (எதிர்ப்பொருள் செய்கிற வெள்ளையணு) என்று ஒரு பக்கமாகச் சாய்கிற கட்டம். ஆங்கிலத்தில் செல் ஃபேட் என்றும் லீனியேஜ் கமிட்மென்ட் என்றும் சொல்கிறார்கள். முதலாவதற்கு ‘செல் விதி’ என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே கை கூசியது. நியூட்டன் விதி, மெண்டல் விதி என்று படித்துவிட்டு வரும் பிள்ளை இதையும் ஒரு சூத்திரம் என்று நினைக்கும். அதன் பாட்டி படித்தால் தலையெழுத்து என்பாள். இரண்டாவதற்கு ‘மரபுவழி ஒப்படைப்பு’ என்று எங்கோ பார்த்தேன். யார், யாரிடம், எதை ஒப்படைத்தார்கள்? பத்திர ஆபீஸ் வாடை வீசுகிறது.

உங்களிடம் வேறு சொல் இருந்தால் கொடுங்கள்.

—

கிருஷ்ணகிரியிலிருந்து:

சார், கமிட்மென்ட் என்றே எழுதிவிடுங்கள். ‘வீட்ல கொஞ்சம் கமிட்மென்ட் இருக்கு டாக்டர், ஆபரேஷனை அடுத்த மாசம் வச்சுக்கலாமா’ என்று ராயக்கோட்டைப் பாட்டி கூடக் கேட்கிறாள். தெரிந்த சொல்லை விட்டுவிட்டுத் தெரியாததை ஏன் தேடுகிறோம்?

—

காவேரிப்பட்டணத்திலிருந்து:

டாக்டர் ஐயா, அந்தப் பாட்டியின் கமிட்மென்ட் கடன் தவணை. அணுவுக்கு எந்த வங்கியில் தவணை?

என் பங்குக்கு ‘ஆற்றுப்படுதல்’. ஆறு என்றால் வழி. ஒரு வழியில் செலுத்தப்படுதல். பழைய சொல், வினையாகவும் நடக்கும்.

—

கிருஷ்ணகிரியிலிருந்து:

அம்மா, ஆற்றுப்படுத்துநர் என்று கவுன்சலர் அறைக் கதவிலேயே போர்டு மாட்டியாகிவிட்டது. ‘குருத்தணு ஆற்றுப்படுத்தப்பட்டது’ என்று எழுதினால் அதற்கு மனசு சரியில்லை போலிருக்கிறது என்பார்கள்.

—

ஓசூரிலிருந்து:

ஐயா, அம்மா, டாக்டர் எல்லோருக்கும் வணக்கம். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நிற்கிற நேரத்தில் போனில் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘விதி’ வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். ஆனால் எனக்குக் காரணம் வேறு. விதி என்றால் முதலிலேயே எழுதியாகிவிட்டது, மாற்ற முடியாது என்று பொருள். நாங்கள் ஆய்வகத்தில் பார்ப்பது அதற்கு நேர் எதிர்.

பாக்ஸ்-5 என்று ஒரு புரதம். படியெடுப்புக் காரணி. டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களில் போய் உட்கார்ந்து சில மரபணுக்களைப் பேசவைக்கும், சிலவற்றின் வாயைப் பொத்தும். 1999ல் வியன்னாவில் மைன்ராட் புஸ்லிங்கர் ஆய்வகத்தில், பாக்ஸ்-5 இல்லாத எலிகளின் மஜ்ஜையிலிருந்து பி செல் முன்னோடிகளை எடுத்து வளர்த்தார்கள். பி செல் ஆவதற்கான ஆயத்தம் பாதி முடிந்துவிட்ட அணுக்கள் அவை. ஆனால் தட்டில் ஊற்றும் சத்தை மாற்றினால் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் ஆகின்றன. இன்னொன்றை ஊற்றினால் இயற்கைக் கொல்லி அணு. எலும்பைக் கரைக்கிற அணுவாகக் கூட ஆயின. எலிக்குள் செலுத்தினால், வெள்ளையணுவில் இன்னொரு வகையான டி செல்லாகவே வந்து நின்றன. ஆக, பாக்ஸ்-5ன் பாதி வேலை பி செல்லை உண்டாக்குவது, மீதிப் பாதி மற்ற வழிகளை அடைத்துவைப்பது.

2007ல் அதே ஆய்வகம் இன்னும் ஒரு படி போனது. முழுதாக முதிர்ந்த பி செல்லிலிருந்து பாக்ஸ்-5ஐ நீக்கினார்கள். அந்த அணு பின்னோக்கி நடந்து முன்னோடி நிலைக்குப் போய், அங்கிருந்து டி செல்லாகத் திரும்பி வந்தது. அதற்கு முன்பே 2004ல் தாமஸ் கிராஃப் குழு பி செல்லுக்குள் சி/இபிபி ஆல்ஃபா என்ற ஒரே காரணியைச் செலுத்தி மேக்ரோஃபேஜாக மாற்றிக் காட்டியிருந்தது. 2006ல் யமானகா நாலே மரபணுக்களைக் கொண்டு எலியின் தோலணுவைக் குருத்தணு போன்ற நிலைக்கே கொண்டுபோனதும் 2012ல் அதற்கு நோபல் வந்ததும் உங்களுக்குத் தெரியும். தலையெழுத்து இவ்வளவு சுலபமாக அழிந்தால் கோயில்களில் கூட்டமே இருக்காது.

ஐயாவின் பத்தியில் ஒரு திருத்தம். எல்லா அணுவிலும் ‘ஒரே டி.என்.ஏ.’ என்பது பி, டி செல்களுக்குப் பொருந்தாது. கிருமியை அடையாளம் காணும் மரபணுத் துண்டுகளை அவை வெட்டி வேறு வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. சுசுமு டோனெகாவா 1976ல் காட்டியது இதைத்தான், 1987ல் நோபல். அந்த வெட்டு மட்டும் திரும்பாது. 2007 சோதனையில் பிறந்த டி செல்களுக்குள் எதிர்ப்பொருள் மரபணுவை வெட்டிய வடு அப்படியே கிடந்தது. இவை ஒரு காலத்தில் பி செல்லாக இருந்தவை என்பதற்கு அந்த வடுதான் சாட்சி.

பஸ் நகர்கிறது. மீதி அப்புறம்.

—

சந்தூரிலிருந்து:

நான் பத்தாவதோடு நின்றவன். மகனுக்காக இந்தக் குழுவில் சேர்ந்தேன். அவன் படிப்பதில்லை, நான்தான் படிக்கிறேன். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

எங்கள் நர்சரியில் மாங்கொட்டை முளைத்த நாட்டுக் கன்றின் தலையைச் சீவிவிட்டு மல்கோவாக் குச்சியைச் செருகி பிளாஸ்டிக் நாடா சுற்றுகிறோம். வேர் நாட்டுமாவுடையது, சத்தும் தண்ணியும் அதிலிருந்துதான் ஏறுகிறது. காய்ப்பது மல்கோவா. பெங்களூராக் குச்சியைச் செருகினால் பெங்களூரா. இடம் மாறினாலும் குச்சி குணம் மாறாது. தம்பி சொல்கிற சாய்ந்துவிட்ட அணு இந்தக் குச்சி மாதிரியா? இடத்துக்கு ஏற்றபடி மாறிக்கொள்வதுதான் சாயாத அணுவா?

—

ஓசூரிலிருந்து:

அண்ணே, கைகொடுங்க. கரு வளர்ச்சியைப் படிப்பவர்கள் நூறு வருஷமாகச் செய்துவரும் சோதனையே இதுதான். ஓரிடத்து அணுவை எடுத்து வேறிடத்தில் பதித்துப் பார்ப்பது. புது இடத்துக்கேற்ப மாறினால் இன்னும் சாயவில்லை. பழையதாகவே வளர்ந்தால் சாய்ந்துவிட்டது. பாக்ஸ்-5 இல்லாத அந்த முன்னோடி, எந்த மரத்தில் ஒட்டினாலும் அந்த மரத்துக் காயையே காய்க்கும் குச்சி. அப்படி ஒரு குச்சி உங்களுக்குக் கிடைத்தால் நர்சரியை மூடவேண்டியதுதான்.

நெஞ்செலும்புக்குப் பின்னால், டி செல்கள் வளர்கிற தைமஸ் சுரப்பியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வந்து சேரும் முன்னோடிக்கு அங்கே நாட்ச் என்ற சமிக்ஞை கிடைத்தால் டி செல் பாதையில் போகும். நாட்ச்-1 மரபணுவை எடுத்துவிட்டால் தைமஸுக்குள்ளேயே பி செல்கள் வளரும். கொஞ்சம் தள்ளி, பிசிஎல்11பி என்ற காரணி வேலைக்கு வந்த பிறகு கதவு சாத்தப்படுகிறது. 2010ல் அதை நீக்கிப் பார்த்தபோது டி செல்லாக வேண்டியவை இயற்கைக் கொல்லி போன்ற அணுக்களாகத் திரும்பின.

—

பாலக்கோட்டிலிருந்து:

தம்பி ‘கதவு’ என்றார். எனக்கு மடை ஞாபகம் வந்தது.

பஞ்சப்பள்ளி சின்னாறு அணையில் தண்ணீர் விட்டால் எங்கள் முறை ராத்திரியில்தான் வரும். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தக்காளிக் கொல்லையில் நிற்பேன். ஒரு பாத்திக்கு மடை திறந்தால் மேல் மடையை அடைக்க வேண்டும். நாலு வெட்டு மண், அதன்மேல் பழைய கோணிச்சாக்கு, அதன்மேல் இன்னும் இரண்டு வெட்டு. அடைத்தாகிவிட்டது என்று வரப்பில் போய்ப் படுத்தேனோ, தொலைந்தேன். அடியில் நண்டு வளை இருக்கும். மண் ஊறி மெதுவாகக் கரையும். விடியும்போது தண்ணீர் பங்காளி கொல்லையில் நிற்கும். அடைப்பது ஒரு நிமிஷம், அடைத்ததைக் காப்பது விடிய விடிய.

பாக்ஸ்-5 செய்வது இந்தக் காவல்தானே? முதிர்ந்த பி செல்லிலும் அது நின்றுகொண்டே இருக்கிறது. நகர்ந்தால் தண்ணீர் திசை மாறுகிறது. ‘மடைப்படுதல்’ என்று வைக்கலாமா? அப்படியே படியெடுப்புக் காரணிக்கும் ஒரு பெயர் கிடைக்கும்: மடை காப்பவர் மடையன்.

—

காவேரிப்பட்டணத்திலிருந்து:

ஐயா, ‘மடையர்களால் உருவாவதே நோய் எதிர்ப்பு மண்டலம்’ என்று ஒரு பிள்ளை தேர்வில் எழுதும். திருத்துகிறவர் முட்டை போட்டால் யார் பொறுப்பு?

—

ஓசூரிலிருந்து:

மடை அழகான படம். ஓர் எச்சரிக்கை மட்டும். பாடப்புத்தகங்களில் காட்டா-1, பியூ.1 என்ற இரண்டு காரணிகளின் சண்டையைப் போட்டிருப்பார்கள். காட்டா-1 அணுவைச் சிவப்பணுப் பக்கம் இழுக்கும், பியூ.1 வெள்ளையணுப் பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து முடக்கும். எது ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் அணு சாயும் என்று ரொம்ப காலம் நம்பினோம். 2016ல் டிம் ஷ்ரோடர் குழு இரண்டு புரதத்துக்கும் ஒளிரும் வால் கட்டி, உயிருள்ள அணுக்களை நாள்கணக்கில் படம் பிடித்தது. சரிக்குச் சரியாக மல்லுக்கட்டி ஒன்று தோற்கிற காட்சி அதில் இல்லை. சாய்வு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, இந்த இரண்டும் பின்னால் வந்து அதை இறுக்குகின்றன என்றுதான் படம் காட்டியது.

அதனால் புதுச் சொல்லில் ‘முடிவெடுத்தல்’, ‘தீர்மானித்தல்’ என்ற வாடை வேண்டாம். மடையும் காவலுக்குப் பொருந்துகிற அளவு, முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்குப் பொருந்தாது. தவிர, லீனியேஜ் என்பதில் ஒரு வமிசம் இருக்கிறது. பி செல்லுக்குப் பிறப்பவை பி செல்லாகவே இருக்கும். மடையில் அது விட்டுப்போகிறது.

—

காவேரிப்பட்டணத்திலிருந்து:

நேற்று ராத்திரி படுத்த பிறகு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டு எழுதிவைத்தேன்.

கால்வழி.

‘அவர்கள் கால்வழி’ என்றால் வமிசம். கால்வழியினர் என்று எழுதுவது இன்றும் வழக்கில் இருக்கிறது. கால் என்றால் தண்ணீர் ஓடும் தடமும்தான்: வாய்க்கால், கால்வாய். கே.ஆர்.பி. அணையிலிருந்து இடப்புறமும் வலப்புறமும் பிரிகிறதே, அந்தக் கால். தம்பி கேட்ட வமிசமும் ஐயா கேட்ட தண்ணீரும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. வமிசத்தைக் குறிக்கும் சொல்லில் இருப்பது நீர்க்காலா, கிளைக்காலா, நடக்கிற காலா என்று சண்டைக்கு யாராவது வந்தால் நான் வரமாட்டேன். காது இரண்டையும் கேட்கிறது, எனக்கு அது போதும்.

வசப்படுதல், வழிப்படுதல் போல கால்வழிப்படுதல். அணு தானாகச் சாய்ந்தால் கால்வழிப்படும். காரணி சாய்த்தால் கால்வழிப்படுத்தும். சாய்ந்தது கால்வழிப்பட்ட அணு, சாயாதது கால்வழிப்படாத அணு. பி செல் டி செல்லானால் கால்வழி மாறுதல். ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது ஒன்றுதான்: எதிர்மறையிலும் பிறவினையிலும் போட்டு ஆட்டிப் பார்ப்பேன். ‘ஒப்படைப்பு’ முதல் ஆட்டிலேயே விழுந்துவிடும். ‘ஒப்படைக்கப்படாத அணு’ என்றால் தபாலில் திரும்பி வந்தது போலிருக்கிறது.

—

ஓசூரிலிருந்து:

அம்மா! இதை வேண்டுமென்றே செய்தீர்களா?

வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் 1942ல் வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல வைத்த பெயர் கேனலைசேஷன். கால்வாய்தான்! 1957ல் அதற்குப் படமும் போட்டார். மேட்டிலிருந்து ஒரு பந்து உருள்கிறது, கீழே பள்ளங்கள் கிளை கிளையாகப் பிரிகின்றன. இன்னொரு படத்தில் அந்த நிலத்துக்கு அடியில் முளையடித்துக் கயிறு கட்டியிருக்கும். முளைகள் மரபணுக்கள், கயிறுகள் அவற்றின் வேலை. கயிற்றை இழுத்தால் மேலே பள்ளத்தின் ஆழம் மாறும்.

நேர்மையாகச் சொன்னால் அவர் பேசியது கொஞ்சம் வேறு விஷயம். சின்னச் சின்னத் தொந்தரவு வந்தாலும் வளர்ச்சி தன் பள்ளத்தை விட்டு விலகாது என்பது அது. கமிட்மென்டுக்கு அண்ணன் தம்பி உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஆங்கிலத்தைப் பார்க்காமலே அதே வாய்க்காலில் போய் இறங்கியிருக்கிறீர்கள். என் ஓட்டு கால்வழிக்கு.

—

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஏழு எழுத்து தாண்டிய சொல் எதையும் நான் ஓ.பி.யில் பயன்படுத்துவதில்லை. அதனால் படுதலை விட்டுவிட்டுக் கால்வழியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எதற்கு என்று சொல்கிறேன்.

சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகிற சிக்கிள் செல் நோயுள்ள பிள்ளையின் தகப்பன், யூடியூபில் பார்த்தேன், மரபணுவை வெட்டிச் சரிசெய்கிறார்களாமே என்று கேட்டார். உண்மைதான். 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதித்தது. கருவில் இருக்கும்போது ஓடுகிற ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அமுக்கிவைப்பது பிசிஎல்11ஏ என்ற காரணி. அது குறைந்தால் பழைய ஹீமோகுளோபின் மறுபடி வரும், அணு அரிவாளாக வளைவது குறையும். ‘அப்போ அந்த ஜீனையே தூக்கிடலாமே சார்?’ என்றார். நல்ல கேள்வி. தூக்க முடியாது. பி செல் வளரவும் அது வேண்டும். அதனால் மரபணுவைத் தொடாமல், அதன் குரலைச் சிவப்பணுவில் மட்டும் உயர்த்திக்கொடுக்கிற ஒரு டி.என்.ஏ. துண்டை நோயாளியின் குருத்தணுக்களில் வெட்டுகிறார்கள்.

இதை அவருக்குச் சொல்ல எனக்கு வாயில் வந்தது ‘பைப்லைன்’. ‘சிவப்பணுப் பைப்லைன்ல மட்டும் ஒரு வால்வை மூடறாங்க.’ அவருக்குப் புரிந்தது. கால்வழியும் மடையும் கையில் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் ஏரிப்பாசனக்காரர். விலையைக் கேட்டார், சொன்னேன். அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். அதற்கு என்னிடம் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

—

பாலக்கோட்டிலிருந்து:

டாக்டரே இறங்கி வந்த பிறகு நான் தாமதிப்பது சரியில்லை. பத்தியை எழுதி மன்றத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரிடம் கொடுத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆறு பேர் தடையின்றித் தாண்டினார்கள். மாரண்டஅள்ளிப் பெண் ஒருத்தி, ‘எங்க ஏரிக்குத் தண்ணி வர்ற கால் மாதிரியா சார்?’ என்றாள். காவேரிப்பட்டணத்து அம்மாவுக்குச் சேரவேண்டிய பாராட்டு அது. கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், ‘கால் எலும்பு மஜ்ஜையிலேருந்து வர்றதால கால்வழியா சார்?’ என்றான். சிரித்துவிட்டேன், பிறகு யோசித்தேன். பெரியவர்களுக்குக் கால் எலும்பில் பெரும்பகுதி கொழுப்பு மஜ்ஜை, மாதிரி எடுப்பதே இடுப்பெலும்பில்தான் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்தப் பையனால் கட்டுரை கொஞ்சம் தேறியது.

‘செல் ஃபேட்’ வருகிற இடமெல்லாம் ‘எந்தக் கால்வழி’ என்று மாற்றிப் பார்த்தேன். ஓரிடத்திலும் இடறவில்லை. எனவே விதியை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பத்தி இப்போது இப்படி:

> மஜ்ஜையின் குருத்தணு முதலில் எந்தக் கால்வழிக்கும் சொந்தமில்லை. சில காரணிகள் வந்து சேரும்போது மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது. பாக்ஸ்-5 வந்தபின் அது பி செல்லாகக் கால்வழிப்படுகிறது. மற்ற வழிகள் அழிந்துவிடுவதில்லை, அடைபட்டுக் கிடக்கின்றன. பாக்ஸ்-5 விலகினால் முதிர்ந்த அணு கூடக் கால்வழி மாறலாம். ஆனால் தன் டி.என்.ஏ.வில் ஒருமுறை வெட்டி ஒட்டிய இடம் மட்டும், எங்கே போனாலும் கூடவே போகும்.

சந்தூர்த் தம்பியின் மல்கோவாக் குச்சி அடுத்த பக்கத்தில் படத்தோடு வருகிறது. ஒட்டுக்கட்டும் நாளில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் நல்லது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கால்வழிப்படுதல், சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

—

சந்தூரிலிருந்து:

இந்த வாரம் ஒட்டுக்கட்ட ஆள் வரவில்லை ஐயா. வந்ததும் போட்டோ அனுப்புகிறேன். குச்சியை மட்டும் எடுக்கவா, நாடா சுற்றுவதையும் சேர்த்தா?

—

பாலக்கோட்டிலிருந்து:

நாடா சுற்றுவதைத்தான் முக்கியமாக.

—

காவேரிப்பட்டணத்திலிருந்து:

சேர்த்தே எழுதுங்கள், நடுவில் ‘ப்’ கட்டாயம். பிரித்துவிட்டால் ‘படுதல்’ அடுத்த வரிக்குப் போய்த் தனியாகப் படுத்துக்கொள்ளும்.